பம்புக்கு என்ன வயசு

அந்தப் பையைக் கொஞ்சம் மேல வையுங்க தம்பி, கால் வைக்க இடமில்ல. ஆங், அப்பிடித்தான். தூத்துக்குடி வரைக்குமா? நானும் அங்கதான். சாயங்காலம் வரைக்கும் இந்த சீட்டுதான் நமக்கு வீடு. ஜன்னலை முழுசாத் திறக்காதீங்க, எனக்குக் காத்து ஆகாது.

மாத்தலாகிப் போறீங்களா? பேங்க்கா? நல்லது. சம்சாரம் வரலையா? ஓ, நீங்க முன்னாடி போய் வீட்டைக் கழுவி, கேஸ் அடுப்பை மாட்டி வைப்பீங்க, அவங்க கைக்குழந்தையோட நாளைக்கு ஃப்ளைட்ல வந்து இறங்குவாங்க. எந்த ஃப்ளைட்? காலைல கிளம்புற சின்ன ஃப்ளைட்டா? வாலு நீலக் கலர்ல இருக்குமே, அதுவா?

சரி, சரி.

ஒண்ணுமில்ல. ஏன் கேட்டேன்னா, அந்தக் கம்பெனியிலதான் நான் இருந்தேன். மெயின்டனன்ஸ் பிளானிங். எந்த ஃப்ளைட் என்னைக்கு ஷெட்டுக்குள்ள வரணும், எந்த சாமானைக் கழட்டி எதை மாட்டணும், மறுபடி எப்ப வெளிய போகணும், எல்லாம் நான் போடுற கணக்குதான். பைலட் தொப்பி போட்டுக்கிட்டு நடந்தா ஊரே திரும்பிப் பாக்கும். என்னை ஒருத்தனும் பாக்க மாட்டான். ஆனா நான் தேதி குறிக்கலைன்னா அந்தத் தொப்பிக்கு வேலை கிடையாது. இப்ப இல்ல, வேலையை விட்டு எடுத்துட்டாங்க. சொல்றதுக்கு எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. நான் ஏன் வெக்கப்படணும்? வெக்கப்பட வேண்டியவங்க அங்க ஏசி ரூம்ல உக்காந்திருக்காங்க.

எல்லாம் ஒரு பொம்பளையால. ஜெசிந்தான்னு பேரு. நீங்க இப்ப குடித்தனம் போறீங்களே, அதே ஊரு. லைசென்ஸ் வச்சிருக்கிற இன்ஜினியர். 'இந்த ஃப்ளைட் பறக்கலாம்'னு அவ கையெழுத்துப் போட்டாத்தான் அது கிளம்பும். அப்பிடி ஒரு அதிகாரத்தைக் கையில குடுத்தா என்ன ஆகும்? தலைக்கு மேல ஏறி உக்காரும். அதுதான் ஆச்சு.

நான் விஷயத்தைச் சொல்றேன், யார் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க. பேங்க்ல இருக்கீங்க, கணக்கு புரியும்.

ஜெட் இன்ஜினுக்கு எண்ணெயை அழுத்தித் தள்ளுறதுக்கு ஒரு பம்ப் இருக்கு. நம்ம வீட்டுக் கிணத்து மோட்டார் மாதிரிதான், கொஞ்சம் பணக்கார மோட்டார். அதுக்குள்ள விரல் நீளத்துக்கு ஒரு ஷாஃப்ட். அதோட முனையில பல்லு பல்லா இருக்கும். அந்தப் பல்லைப் பிடிச்சுத்தான் இன்ஜின் பம்பைச் சுத்த வைக்கும். பல்லு தேஞ்சா பம்ப் நிக்கும். பம்ப் நின்னா எண்ணெய் நிக்கும். எண்ணெய் நின்னா அப்புறம் இன்ஜினும் நிக்கும்னு வச்சுக்கோங்க. எங்கயோ வெளிநாட்டுல ஒரு ஃப்ளைட்டுக்கு நடு வானத்துல அப்பிடி ஆகிப்போச்சு. பைலட் கெட்டிக்காரன், வயக்காட்டுல இறக்கிட்டான். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலைன்னா விடவேண்டியதுதான? விட மாட்டாங்க. உலகம் பூரா உத்தரவு. இத்தனை மணி நேரம் ஓடின ஷாஃப்ட் எல்லாத்தையும் கட்டாயம் மாத்து, மாத்தாம எவனும் பறக்காத. உத்தரவு போடுறவனுக்கு என்ன, பேனாவைத் திறந்தா போதும். சாமான் வேணும்ல? உலகமே ஒரே நேரத்துல கையை நீட்டினா அதைச் செய்யுறவன் எங்க போவான்?

எங்க கிட்ட இருந்ததே மூணு ஃப்ளைட். ரெண்டுக்கு சாமான் கிடைச்சு மாத்தியாச்சு. மூணாவதுக்குப் பொங்கல் கழிச்சுத்தான் வரும்னு சொல்லிட்டான். பொங்கல் கழிச்சு வந்து என்ன செய்ய? அதைக் கும்பிடுறதா? பொங்கலுக்கு முன்னாடி ஒரு சீட்டுக்கு எம்.எல்.ஏ. வீட்டுலருந்து போன் வரும். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கோதண்டம், அந்த மூணாவது பறக்கணும். எப்பிடின்னு எனக்குத் தெரியாது"ன்னார். எப்பிடின்னு தெரியாதுன்னு ஒரு முதலாளி சொன்னா என்ன அர்த்தம்? நீ பாத்துக்கோன்னு அர்த்தம். நான் பாத்துக்கிட்டேன். அது என் வேலை.

எப்பிடிப் பாத்தேன்னு கேளுங்க. அந்த ஃப்ளைட்டோட ரெண்டு பம்பும் முந்தின வருஷம் ஓவர்ஹாலுக்குப் போய்ட்டு வந்தது. பிரிச்சு, கழுவி, புதுசு மாதிரி மினுமினுன்னு வந்துச்சு. எங்க ஆபீஸ் வழக்கம் என்னன்னா, பம்ப் ஓவர்ஹால் ஆகி வந்தா மணிக்கணக்கைப் பூஜ்யத்துலருந்து திரும்ப ஆரம்பிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துலருந்து அப்பிடித்தான். அந்த வழக்கப்படி பாத்தா தை மாசம் முடியற வரைக்கும் அது தாராளமாப் பறக்கலாம். இதுல என்ன தப்பு? நான் புதுசாக் கண்டுபிடிச்ச கணக்கா இது?

ஜெசிந்தா வந்து நிக்கிறா. "சார், பம்புக்குத்தான் அந்தக் கணக்கு. உள்ள கிடக்க ஷாஃப்ட்டை ஓவர்ஹால்ல மாத்தவே இல்ல. தொடச்சி திரும்ப மாட்டிருக்காங்க. ஷாஃப்ட்டுக்கு அது செஞ்ச நாள்லருந்து எண்ணணும்னு உத்தரவுல தெளிவாப் போட்டிருக்கு. அப்படி எண்ணுனா இது கார்த்திகையிலயே முடிஞ்சுபோச்சு"ங்கிறா.

நான் பொறுமையாத்தான் சொன்னேன். "ஏம்மா, ஓவர்ஹால் ஆனா புதுசு மாதிரிதான?"

அதுக்கு அவ, ஷெட்ல அத்தனை பேர் முன்னாடி, "அறுபதாங் கல்யாணத்துல தாலி கட்டுனா மாப்பிள்ளைக்கு வயசு குறைஞ்சிருமா சார்?"ங்கிறா. ஸ்பேனர் பிடிக்கிறவன்லருந்து டீ கொண்டு வர்றவன் வரைக்கும் சிரிக்கிறான். எனக்கு அறுபதுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருந்துச்சு தம்பி. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு திமிரு இருந்தா அப்பிடிப் பேச வரும்!

ரெண்டு இன்ஜின் இருக்கே, ஒண்ணு நின்னா இன்னொண்ணு இழுத்துட்டுப் போகுமேன்னேன். "ரெண்டு ஷாஃப்ட்டும் ஒரே நாள்ல பொறந்தது சார். ஒண்ணு போனா இன்னொண்ணு ரொம்ப நாள் தாங்காது"ங்கிறா. எல்லாத்துக்கும் ஒரு பதில் தயாரா இருக்கும் அவகிட்ட. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. 'சாமான் வர்ற வரைக்கும் இது ஷெட்ட விட்டு வெளிய போகக் கூடாது'ன்னு சொல்லிட்டு, அண்ணன் கல்யாணம்னு லீவு போட்டுட்டு ஊருக்குப் போய்ட்டா.

போனா போகட்டும். லோகத்துல அவ ஒருத்திதான் இன்ஜினியரா? மனோகர்னு இன்னொருத்தன் இருந்தான், நான் சொன்னா சொன்னதுதான் அவனுக்கு. "ஓவர்ஹால்லருந்து எண்ணித்தானே சார் எப்பவும் போடுவோம்?"னு கேட்டான். ஆமான்னேன். போட்டான். ஃப்ளைட் வெளிய போச்சு.

பறந்துச்சா இல்லையா? பறந்துச்சு. சேலம் போச்சு, கொச்சி போச்சு, தூத்துக்குடி போச்சு, ஒரு நாள் விடாமப் போச்சு. ஒரு பைலட் ஒரு குறை சொல்லல. பொங்கல் கூட்டத்துல பாதி அதுலதான் வீடு போய்ச் சேர்ந்துச்சு. என் பொண்ணு மட்டும் ரயில்ல வந்தா, அது வேற விஷயம். முதலாளி என் முதுகைத் தட்டினார். அந்த முதுகைத் தட்டின கைதான் அப்புறம்... விடுங்க, வரிசையாச் சொல்றேன்.

நீங்க தூங்கலையே? கண்ணை மூடுனீங்க, அதான் கேட்டேன்.

போகிக்கு முந்தின நாள். அன்னைக்குக் காலைல தூத்துக்குடியிலருந்து மெட்ராஸ் வர்ற ஃப்ளைட்டு. அண்ணன் கல்யாணத்தை முடிச்சுட்டு இந்த அம்மா திரும்பி வர்றா, ஸ்டாஃப் டிக்கெட்ல. ஏணி கிட்ட வந்து அண்ணாந்து பாக்குறா. வாலுல எழுதியிருக்கிற எழுத்தைப் பாத்ததும் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு, இது அந்த மூணாவதுன்னு. சரி, தெரிஞ்சுச்சு. பிடிக்கலைன்னா நீ ஏறாத! பேசாம பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் ஏறி வா! ஒரு நல்ல மனுஷி அதைத்தானே செய்வா? இவ என்ன பண்ணினா தெரியுமா? நேரா மேல ஏறி கேப்டன் கிட்டப் போய், "பம்பு ஷாஃப்ட்டை மாத்திட்டாங்களா கேப்டன்?"னு கேட்டா. அந்த ஆளுக்கு என்ன தெரியும்? பேப்பரைப் புரட்டியிருக்கான், மனோகர் கையெழுத்து இருக்கு, ஷாஃப்ட்டை மாத்தினதா எங்கயும் எழுதல. அப்பிடியே எல்லாத்தையும் அணைச்சுட்டு, 'இறங்குங்க'ன்னுட்டான்.

உக்காந்து பெல்ட்டு போட்டவங்க அத்தனை பேரும் இறங்கினாங்க. பொங்கலுக்குப் போற கூட்டம் ஒண்ணு, கைக்குழந்தைக்காரங்க, வெயில்ல வரிசையா நடந்து திரும்ப உள்ள போனாங்க. அவளை சும்மா விடல. ஒரு ஆச்சி கையை நீட்டிக் கத்தியிருக்கு. "ஏட்டி, ஒனக்குப் பயமா இருந்தா நீ எறங்கிப் போவேன், எங்கள எதுக்குட்டி எறக்குத? எம் பேத்திக்கு இது தலைப்பொங்கல்ட்டி!"ன்னு. அந்த ஆச்சி கேட்டது நியாயமா இல்லையா? நான் கேக்கிறதும் அதேதான். எனக்கு அந்த ஆச்சியை யாருன்னே தெரியாது, ஆனா அந்த ஊர்ல எனக்காகப் பேசின ஒரே ஆளு அதுதான்.

அவ அழுதாளாம். அழுதுக்கிட்டே நின்னாளாம், நகரல. நகர்ந்திருந்தா நான் இன்னைக்கு இந்த பஸ்ல உக்காந்திருக்க மாட்டேன்.

எனக்குப் போன் பண்ணினா. நான் வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டு இருக்கேன். "சார், எப்படி சார் இதை வெளிய விட்டீங்க?"ன்னா. நானும் விடல. "நீ யாரு அதை நிறுத்துறதுக்கு? நீ லீவுல இருக்க! உனக்கு ஏற இஷ்டமில்லைன்னா ஏறாம இருந்திருக்க வேண்டியதுதானே?"ன்னு வீடே அதிரக் கத்தினேன். அதுக்கு அவ, "நான் மட்டும் ஏறாம இருந்தா பத்தாதே சார்"னா. வச்சுட்டா.

திமிரு. பச்சைத் திமிரு.

அதுக்கப்புறம் விசாரணை. டெல்லியிலருந்து ஒரு அதிகாரி. அந்தப் பம்பை என் முன்னாடியே பிரிச்சாங்க. ஷாஃப்ட்டை எடுத்து என் உள்ளங்கையில வச்சாரு. பல்லு எல்லாம் மழுங்கி, நெருடிப் பாத்தா கையில தட்டுற அளவுக்குத்தான் இருந்துச்சு. "என்ன சொல்றீங்க கோதண்டம்?"னாரு. நான் என்ன சொல்றது? தேஞ்சிருந்துச்சு. தேயும் சார், மனுஷன் பல்லே தேயுதுன்னேன். உடைஞ்சுதான்னு கேட்டேன் நான். உடையலைல்ல? உடையாத ஒண்ணுக்கு எதுக்கு சார் விசாரணைன்னேன். அந்த ஆளு ஷாஃப்ட்டைத் திரும்ப வாங்கி ஒரு கவர்ல போட்டு ஒட்டினாரு. கோவப்படல. கோவப்பட்டிருந்தாக் கூட எனக்கு ஒரு மாதிரி இருந்திருக்காது.

முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "நான் கோதண்டத்தை நம்பினேன்"னாரு. அவ்வளவுதான், கை கழுவிட்டாரு. மனோகர் லைசென்ஸ் போச்சு. பாவம், புள்ளகுட்டிக்காரன். என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவளைத் தூக்கி மேல உக்கார வச்சுட்டாங்க. இப்ப அந்தக் கம்பெனில அவ வச்சதுதான் சட்டம். அவ கையெழுத்து இல்லாம அந்த நீல வாலு ஒரு அடி அசையாது. என் ஆபீஸ் வழக்கம் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டா. பம்பு கழட்டினா உள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா வயசு பாக்குறாளாம். பாக்கட்டும். பாத்துப் பாத்து அவளுக்கும் வயசாகட்டும்.

என்ன கேட்டீங்க?

என் பொண்ணா? அவ ரயில்ல வந்தது வேற விஷயம்னு சொன்னேன்ல. அதையே எதுக்குப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?

அபிராமின்னு பேரு. தூத்துக்குடி மெடிக்கல் காலேஜ்ல படிக்கிறா. பொங்கல் லீவுக்கு வரணும். "அப்பா, எனக்கும் லோகாவுக்கும் உங்க கோட்டாவுல ரெண்டு டிக்கெட் போடுங்க"ன்னா. லோகான்னா லோகேஸ்வரி, இவளோட ஒரே ரூம்ல இருக்கிற பொண்ணு. பெரம்பூர். அவங்கப்பா ஸ்கூல் வேன் ஓட்டுறார். அந்தப் பொண்ணு ஃப்ளைட்ல ஏறினதே இல்ல. நான்தான் போட்டேன் தம்பி, ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டு, அந்தப் பொண்ணுக்கு ஜன்னல் சீட்டு. அவ்வளவு நல்லது செஞ்சிருக்கேன், அது யாரு கண்ணுக்கும் தெரியல.

அப்புறம் கிளம்புறதுக்கு முந்தின நாள் மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. ஏன்னு தெரியல. சும்மாதான். ஒரு அப்பனுக்கு வராதா? நாளைக்கு எந்த ஃப்ளைட் தூத்துக்குடி போகுதுன்னு பாத்தேன், நான் போட்ட தேதிதான், அந்த மூணாவது. என் கணக்குப்படி அதுக்கு ஒரு குறையும் இல்ல. இருந்தாலும் மனசு கேக்கல. அபிக்குப் போன் பண்ணி, "கோட்டாவுல ஒரு சீட்டு குறைஞ்சுபோச்சும்மா, நீ இன்னைக்கு ராத்திரியே முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல வந்துடு"ன்னு சொல்லி, தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சு ரயில்ல சீட்டும் வாங்கிக் குடுத்தேன். அவ முணுமுணுக்கக் கூட இல்ல. "சரிப்பா, லோகா போகட்டும், அவதான் பாவம் ரொம்ப ஆசையா இருக்கா"ன்னா. காலைல எக்மோர்ல இறங்கி, குளிச்சுட்டு வந்து என் எதிர்லதான் உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருந்தா.

அதே மேஜை. அதே நேரம். எனக்கு ஜெசிந்தா போன். அவளுக்கு லோகா போன். "எங்களை எல்லாம் இறக்கி விட்டுட்டாங்கடி, இன்ஜின்ல ஏதோ மாத்தாம விட்டுட்டாங்களாம்"னு அந்தப் பொண்ணு பேசுறது எனக்கே கேக்குது. எங்கப்பா மெட்ராஸ் ஏர்போர்ட்ல காலையிலருந்து நிக்கிறாரு, நான் வரலைன்னு யாராவது சொல்லுங்கடின்னு அழுவுறா. நான் இந்தப் பக்கம் கத்திட்டு இருக்கேன், 'ஏற இஷ்டமில்லைன்னா நீ ஏறாம இருந்திருக்க வேண்டியதுதானே'ன்னு.

நான் போனை வச்சுட்டுத் திரும்பினா, அபி கையில பிச்ச இட்லியோட என்னையே பாக்குறா.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"ன்னா.

எனக்கு ஒண்ணும் தெரியாது, அந்தப் பொம்பளை கிளப்பி விடுறான்னேன்.

"அப்ப என்னை ஏன் ரயில்ல வரச் சொன்னீங்க?"

ஒரு அப்பன் பெத்த பொண்ணை ரயில்ல வரச் சொல்றது குத்தமான்னேன்.

அவ கத்தல தம்பி. கத்தியிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். மெதுவாத்தான் கேட்டா. "லோகா?"ன்னா. ஒரே வார்த்தை. அவளுக்கு அவங்கப்பா இருக்காருல்ல, அவரு பாத்துக்கணும்னேன். நான் சொன்னதுல என்ன தப்பு? ஊர்ல இருக்கிற பொண்ணுக்கு எல்லாம் நானா அப்பன்? அவ எழுந்துட்டா. "அவருக்கு எப்பிடிப்பா தெரியும்?"னா. கையைக் கழுவிட்டு, அன்னைக்கே பையைத் தூக்கிட்டு அவங்க மாமா வீட்டுக்குப் போய்ட்டா. பொங்கலுக்கு எங்க வீட்டுல பானை வைக்கல. அங்கருந்தே காலேஜுக்குப் போய்ட்டா. அவங்கம்மா கிட்டப் பேசுறா. என் நம்பர் வந்தா அடிச்சு ஓயற வரைக்கும் விட்டுடுறா. அதான் நேர்ல போறேன். வராதீங்கன்னு அவங்கம்மா கிட்டச் சொல்லியிருக்கா. போனா என்ன பண்ணிடுவா? இந்தப் பையில அவளுக்குப் பருப்புப் பொடி இருக்கு.

எல்லாம் அந்த ஜெசிந்தாவால. அவ பேசாம பஸ் ஏறியிருந்தா லோகா வீட்டுக்குப் போயிருப்பா, அபி இட்லியை சாப்பிட்டு முடிச்சிருப்பா, எவருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. என் குடும்பத்தைப் பிரிச்சதே அவதான்.

யாருக்குப் போன் பண்றீங்க?

சம்சாரத்துக்கா? டிக்கெட்டை மாத்தவா? வேண்டாம் தம்பி, வையுங்க. இப்ப அங்க அந்த ஜெசிந்தா இருக்கா. அவ பாக்காம ஒரு திருகாணி கூட உள்ள போகாது. குழந்தையோட தாராளமா வரச் சொல்லுங்க, நான் சொல்றேன்.

கேக்க மாட்டீங்க. சரி, மாத்துங்க. உங்க சம்சாரம், உங்க குழந்தை. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டு மாத்துங்க. அவங்க ரெண்டு பேருக்கும்தானே போன் பண்றீங்க? அதே ஃப்ளைட்ல பக்கத்து சீட்ல ஒருத்தர் வருவார்ல, அவர் வீட்டுக்குச் சொல்லப் போறீங்களா? ஏர்போர்ட்டுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லப் போறீங்களா? இல்லைல்ல?

அப்ப என்னை மட்டும் ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?

பேசுங்க, பேசுங்க. பேசி முடிச்சுட்டு அந்தப் போனை ஒரு நிமிஷம் இப்பிடிக் குடுங்க. உங்க நம்பர்லருந்து போட்டா அபி எடுப்பா.